பதினொரு பேருக்கும் ஒரே செத்தவீடு

கழகத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி வீட்டுக்கு வந்து கேட்டான். எதைப் பற்றி என்றேன்.

"எங்கடை வெற்றியளைப் பற்றி எழுதுங்கோ மாமா. ரெண்டு பக்கம் காணும்."

எங்கள் வெற்றிகளை எழுத இரண்டு பக்கம் எதற்கு? மெட்ரோ டிக்கெட் ஒன்றின் பின்பக்கமே போதும், அதிலும் இடம் மிஞ்சும். அதைச் சொன்னதும் அவன் சிரித்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, தன் தொலைபேசியில் கழகக் குழுவில் யாரோ போட்டிருந்த செய்தியைக் காட்டினான். "ஊர்ப் பேரைச் சட்டையில் போட்டுக்கொண்டு, ஊரவன் ஒருவன்கூட இல்லாத அணி எங்களுக்கு எதற்கு?" என்று இருந்தது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். கட்டைவிரல் காட்டியவர்களில் பாதிப் பேர் மைதானப் பக்கம் வந்து நான் கண்டதில்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் நிற்காது, தம்பி மன்னிக்க வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் முப்பது வருடத்துக்கு மேல் நின்று ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் இந்த நாட்டு அணியில் பதினாறு பருவங்கள் மூன்றாம் இலக்கச் சட்டை போட்டவன். சம்பளம் தந்தது சமையலறை. ஆனால் என்ன வேலை செய்தாய் என்று யாராவது கேட்டால், முதலில் என் வாயில் வருவது "இடது பின்வரிசை" என்பதுதான். மனிசி பக்கத்தில் இருந்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

விளையாடப் பழகியது பள்ளிக்கூட மைதானத்தில். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்கு வலக்கால் எதற்கும் உதவாது; இடக்கால் மட்டும் சொன்ன சொல் கேட்கும். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்து, கோப்பை கழுவும் வேலையில் கைகள் ஊறிக்கொண்டிருந்த காலத்தில் பந்தைக் கண்ணால்கூடக் காணவில்லை. ஒருநாள் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கடையில் செத்தல் மிளகாய் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் இருந்து ஒரு குரல்.

"நீ இடக்காலன் தானே?"

திரும்பினால், தோளில் ஒரு வெள்ளைத் துவாயோடு ஒரு மெலிந்த மனிதர். அவர்தான் குணம் அண்ணை. எங்கள் ஊரவர். அம்மா வழியில் எனக்குத் தூரத்து உறவு. அதற்கு முன்பு அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரில் நான் விளையாடிய ஏதோ ஓர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். முகத்தை மறந்தாலும் காலை நினைவில் வைத்திருந்திருக்கிறார்.

"நாளைக்கு மூண்டு மணிக்கு வா" என்று இடத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வருகிறாயா என்று கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஒரு காரணம் இருந்தது. உணவகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் இடையில் ஓர் ஓய்வு உண்டு. கூப்பூர் என்போம். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. வெளியில் இருக்கக் குளிர். பெரும்பாலான பெடியள் அரிசி மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள். கழகத்தார் நாங்கள் அந்த இடைவெளியில் பாரிஸ் புறநகரான ஒபர்வில்லியேயில், மொத்த வியாபாரக் களஞ்சியங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு மண் மைதானத்தில் பந்தடித்தோம். புல் என்று சொல்ல எதுவும் இல்லை. விழுந்தால் முழங்காலில் சிவப்பு மண் ஒட்டிக்கொள்ளும். வியர்வையோடு வெங்காயமும் பொரித்த எண்ணெயும் மணக்கும். எதிரணியார் எங்களை நெருங்கிப் பிடிக்கத் தயங்கியதற்கு எங்கள் திறமை மட்டும் காரணம் அல்ல.

கழகத்தை இங்கே தொடங்கியவரும், அணித்தலைவரும், பயிற்றுநரும் குணம் அண்ணைதான். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஒரு பெரிய உணவகத்தில் சோஸ் செய்வது அவர் வேலை. பிரெஞ்சுக்காரனுக்கே சோஸ் வைத்துக் கொடுக்கிற ஆள் என்று எங்களுக்குப் பெருமை. அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. விசில் ஒன்று கழுத்தில் தொங்கும். அதை ஊதியதும் இல்லை. பயிற்சி அவர் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் தோளில் இருக்கும் துவாயை எடுத்து மடிக்கத் தொடங்குவார். இரண்டாக, நாலாக, எட்டாக. அவர் மடிக்கத் தொடங்கினாலே நாங்கள் இன்னும் வேகமாக ஓடுவோம். எட்டாக மடித்து நிலத்தில் வைத்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

பின்வரிசைக்காரர் நான்கு பேரையும் அவர் பழக்கிய விதத்தை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. லா சப்பலில் உடுப்புக் காயவிடும் கொடிக்கயிறு ஒரு சுருள் வாங்கி வந்தார். எங்கள் நால்வரையும் வரிசையாக நிறுத்தி, இடைவெளி விட்டு இடுப்பில் கட்டினார். பிறகு பந்தோடு தானே எங்களை நோக்கி வந்தார். ஒருவன் முன்னே பாய்ந்தால் மற்ற மூவரும் இழுபட்டு விழுவார்கள். ஒருவன் பின்தங்கினாலும் அப்படியே. ஒரு மாதம் விழுந்து எழும்பினோம். களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறவர்கள் வெளியே வந்து நின்று, எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே சிகரெட் பற்றவைத்தார்கள். மாதம் முடிந்து கயிறை அவிழ்த்தபோது, கயிறு இல்லாமலே நாலு பேரும் சேர்ந்து நகர்ந்தோம். என் தோளுக்கு அப்பால் நிற்பவன் எப்போது முன்னால் அடி எடுத்து வைப்பான் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். அதன் பிறகு ஆட்டத்தில் அவர் ஒரேயொரு சொல்தான் சொல்வார்: "கயிறு!"

முதல் பருவத்திலேயே எதிரணியின் வலது ஓரக்காரன் ஒருவனைப் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. பத்தொன்பது இருபது வயதுப் பையன். அவன் ஓடுகிறபோது நிலம் அவனுக்கு மட்டும் சரிவாக இருக்கிறதோ என்று தோன்றும். இடைவேளைக்குள் என்னை மூன்று தடவை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். கேலி செய்வார் என்று நினைத்துக்கொண்டு குணம் அண்ணையிடம் போனேன். "அவன்ரை காலைப் பாக்காதை. கால் பொய் சொல்லும். இடுப்பைப் பார்" என்றார். இரண்டாம் பாதியில் அவன் இடுப்பைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அவன் முகம் எப்படி இருந்தது என்று இப்போது கேட்டாலும் தெரியாது. ஆனால் அவன் பிறகு என்னைத் தாண்டவில்லை. சோஸ் செய்யும் ஒரு மனிதர் இதையெல்லாம் எங்கே கற்றார் என்று மலைத்துப்போய் நின்றேன்.

இனி எங்கள் பிழைக்கு வருகிறேன். இப்படி ஒரு பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் விடமாட்டார்கள்.

அணியில் இருந்த எல்லோரும் ஒரே ஊர். ஒரே ஊர் என்றால் ஒரே குடும்பம் என்றுதான் அர்த்தம். ஒருவன் மற்றவனுக்கு மச்சான், மற்றவன் இன்னொருவனுக்குப் பெறாமகன். கழகம் தொடங்கும்போது அதுதான் பலம் என்று நினைத்தோம். வெளியாள் யாராவது சேரக் கேட்டால், "இது ஊர்க் கழகம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அனுப்பினோம். ஒரு வீட்டில் கலியாணம் வந்தால் பதினொரு பேரும் மணவறைக்கு முன்னால் இருப்பார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பல வருடங்கள் அதிர்ஷ்டம் காப்பாற்றியது. பிறகு ஒரு பருவம் வந்தது. இலையுதிர் காலத்தில் எங்கள் பந்துக்காப்பாளன் ரஞ்சனுக்கு ஓல்னே-சூ-புவாவில் ஒரு மண்டபத்தில் கலியாணம். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமை. அணி போகவில்லை. குளிர் காலத்தில் லண்டனில் ஒரு பெரியப்பா காலமானார். அணியில் சரிபாதிப் பேருக்கு அவர் பெரியப்பா, மிச்சப் பேருக்கு மாமா. எல்லோருக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. அணி மறுபடியும் போகவில்லை.

அணியில் கொஞ்சம் பிரெஞ்சு பேசத் தெரிந்தவன் நான் என்பதால், போட்டி நடத்தும் மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அங்கே ஓர் அம்மையார். மரியாதையாகத்தான் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எத்தனை பேர் வர முடியாது?"

"எல்லோரும், மதாம்."

"எல்லோருமா? காரணம்?"

"பெரியப்பா செத்துப்போனார்."

"பதினொரு பேருக்கும் ஒரே பெரியப்பாவா, முசியே?"

உண்மையாகவே அப்படித்தான் என்று சொன்னேன்; அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் விதியை வாசித்துக் காட்டினார். ஒரே பருவத்தில் மூன்றாம் தடவையும் அணி வராவிட்டால் கழகத்தைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கிவிட்டால் நகரசபை மைதானத்தையும் தராது. மண் மைதானமாக இருந்தாலும் அது ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது.

ஊரில் சண்டை நின்று, சமாதான காலம் என்று சொல்லப்பட்ட வருடங்களில் ஒன்று அது. ஊருக்குத் தொலைபேசி மறுபடி வந்திருந்தது. நல்ல செய்தியோடு சாவுச் செய்தியும் உடனுக்குடன் வரத் தொடங்கியிருந்தது. வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, சமையலறையில் நிற்கும்போது மனிசி தொலைபேசி எடுத்துச் சொன்னாள்: "குணம் அண்ணையின்ரை அம்மா மோசம் போயிட்டாவாம். நாளைக்கு எடுக்கினமாம்."

அடுத்த நாள் எங்களுக்கு ஆட்டம்.

குணம் அண்ணையால் ஊருக்குப் போக முடியாது. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம்தான் அவரிடம் இருந்தது. இலங்கையைத் தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லலாம் என்று அதில் எழுதியிருக்கும். தாயைப் பதினெட்டு வருடமாகக் காணாதவர். அவருக்காக மனம் வெந்தது. அதோடு கழகத்தின் கதை முடிந்தது என்றும் விளங்கியது. திங்கட்கிழமை அந்த மதாமிடம் என்ன சொல்லப் போகிறேன்? பதினொரு பேருக்கும் ஒரே அம்மாவா என்று கேட்பாரோ?

ஞாயிறு காலை துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். ஒபர்வில்லியேயில் ஒரு மாடி வீடு. நிலத்தில் வெள்ளை விரித்து ஆட்கள் இருந்தார்கள். ஏதோ ஒரு கலியாணப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய தாயின் முகத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. குணம் அண்ணை வாசலிலேயே நின்றார். கையில் சப்பாத்துப் பை.

"எத்தினை பேர் வருவினம்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விரல் விட்டு எண்ணினேன். அவருடைய சொந்த மருமக்களை விட்டுவிட வேண்டும். ரஞ்சன் உட்பட அவர்கள் செத்தவரின் பேரப்பிள்ளைகள். "கூப்பிட்டா என்னோடை சேத்து ஏழு பேர் வருவினம் அண்ணை. ஏழு பேரோடை ஆட்டம் தொடங்க விடமாட்டாங்கள். எட்டு வேணும்."

"அப்ப நான் எட்டு" என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பதை எட்டும் வயது. விளையாடுவதை நிறுத்திப் பல வருடமாகியும் ஆட்டக்காரருக்கான அட்டையை ஒவ்வொரு வருடமும் புதுப்பித்து வைத்திருந்தார். ஏன் என்று நாங்கள் கேலி செய்வோம். உள்ளே இருந்து அவருடைய மாமி ஒருவர் எழும்பி வந்தார்.

"டேய் குணம், தாய் செத்த அண்டைக்குப் பந்தடிக்கப் போறியோ? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் முழுக்க இஞ்சைதானே இருக்குது மாமி. அங்கை மைதானத்திலைதான் ஆளில்லை."

சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் வந்துவிட்டார். கதவு மூடியதும் சப்பாத்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அங்கை கொள்ளி வைக்கத் தம்பி நிக்கிறான்" என்றார். "நான் இஞ்சை இருந்து சுவரைப் பாக்கிறதோ? கழகத்தை வெட்டிப்போட்டாங்களெண்டா உந்தப் பெடியள் ஞாயிற்றுக்கிழமையிலை எங்கையடா போவாங்கள்? ஒரு அறைக்குள்ளை ஆறு பேர் கிடந்து முகட்டைப் பாப்பாங்கள்."

"அம்மா என்ன நினைப்பா அண்ணை?"

"ஏசுவா. நான் பந்தடிக்கப் போன நாளெல்லாம் ஏசினவ. ஒருக்கா என்ரை சப்பாத்தைத் தூக்கிக் கிணத்துக்குள்ளை போட்டவ." சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நின்றுவிட்டது.

ஆட்டம் கூசேன்வில் பக்கம். அந்த மைதானத்துக்கு மேலாகத்தான் விமானங்கள் இறங்கும், சில்லுகள் தெரியும் அளவுக்குத் தாழப் பதிவாக. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. எதிரணி உயரமான, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஆட்கள். அவர்களுடைய தலைவர் தடித்த கழுத்துக்காரர், பேக்கரி வைத்திருப்பவர். மத்தியஸ்தர் எங்கள் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முகத்தோடு ஒப்பிட்டார். எட்டு. "எட்டுப் பேரோடு தொடங்கலாம். ஒருவர் வெளியேறினாலும் ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்துவேன்" என்றார். காரணத்தை யாருக்கும் சொல்லக்கூடாது என்று குணம் அண்ணை எங்களிடம் சொல்லியிருந்தார். ரஞ்சன் இல்லாததால் அவரே கம்பங்களுக்கு இடையில் போய் நின்றார். துவாயை வலையில் தொங்கவிட்டார்.

எட்டுப் பேர் பதினொரு பேரோடு விளையாடுவது எப்படி என்று யாராவது கேட்டால், ஓடுவது என்பதுதான் பதில். பின்வரிசையில் மூன்று பேர் நின்றோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. "கயிறு! கயிறு!" அன்றைக்குத்தான் அந்த மனிதர் கத்துவதை முதன்முதலாகக் கேட்டேன். தொண்டை கிழிந்து போயிருந்தது. நாங்கள் மூவரும் நாலு பேர் நிற்பதுபோல நகர்ந்தோம். அப்படியும் நாலு கோல் விழுந்தது. விழாமல் அவர் தடுத்தது அதைவிட அதிகம். ஒரு தடவை பந்து அவர் கையில் பட்டுச் சுண்டுவிரல் பின்பக்கமாக மடிந்துவிட்டது. ஓடிப் போனேன். விரல் நிற்கக்கூடாத பக்கம் நின்றது.

"வெளியிலை போனா ஏழு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "சப்பாத்து லேசாலை மற்ற விரலோடை சேத்துக் கட்டு."

என் இடச் சப்பாத்திலிருந்து லேசை உருவிக் கட்டினேன். மிச்ச நேரம் அந்தச் சப்பாத்து கழன்று கழன்று வந்தது. அதைப் பற்றி நான் முறையிடப் போவதில்லை.

இடைவேளைக்கு விசில் ஊதியது. குணம் அண்ணை எங்களிடம் வரவில்லை. கோலுக்குப் பின்னால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். ஊரில் அப்போது பின்னேரம். பிரேதம் எடுக்கிற நேரம் என்று எங்கள் ஏழு பேருக்கும் தெரியும். யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிரணித் தலைவர் என்னிடம் வந்தார். சிரித்துக்கொண்டு, "உங்கள் மற்ற மூன்று பேரும் இன்னும் நித்திரையா?" என்றார்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. சொல்லக்கூடாது என்ற சொல்லெல்லாம் மறந்துபோனது. "அதோ நிற்கிறாரே, அவருடைய அம்மாவை எங்கள் நாட்டில் இந்த நிமிடம் எரிக்கக் கொண்டு போகிறார்கள். அவரால் போக முடியாது. நாங்கள் வராவிட்டால் கழகத்தை மூடிவிடுவார்கள். அதனால் வந்திருக்கிறார்" என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் கொட்டினேன்.

அந்த மனிதரின் முகம் மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். திரும்பி மத்தியஸ்தரிடம் நடந்தார்.

இரண்டாம் பாதிக்கு மைதானத்துக்குள் வந்ததும் மத்தியஸ்தர் எல்லோரையும் நடு வட்டத்துக்குக் கூப்பிட்டார். குணம் அண்ணை கோலிலிருந்து நடந்து வந்தார். எதிரணியார் பதினொரு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வரிசையாக நின்றார்கள். விசில் ஊதியது. எல்லோரும் தலையைக் குனிந்தார்கள்.

"உதென்னடா?" என்று குணம் அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"அம்மாவுக்கு அண்ணை" என்றேன்.

அவர் அந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பேக்கரிக்காரர், தபால்காரர், யாரென்றே தெரியாத வெள்ளையர், கறுப்பர், அராபியர். எங்கள் ஊரின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் வடமராட்சியில் ஒரு ஒழுங்கைக்குள் வாழ்ந்து, மகனின் சப்பாத்தைக் கிணற்றில் போட்ட ஒரு மனுசிக்காக நின்றார்கள். மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடிந்த பிறகு, அந்த மைதானத்தில் இருந்த அமைதியை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. என் உடம்பு சிலிர்த்தது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. குணம் அண்ணை திரும்பிப் போய் வலையில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மத்தியஸ்தர் அவர் முகத்திலிருந்து துவாயை எடுக்கும்வரை காத்திருந்துதான் ஆட்டத்தைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு அவர்கள் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு மெதுவாக விளையாடியிருந்தால் நான் வெட்கத்தில் செத்திருப்பேன். அப்படிச் செய்யவில்லை. முதல் பாதியைவிட மூர்க்கமாக வந்தார்கள். பேக்கரிக்காரர் தலையால் அடித்த ஒரு பந்தைக் குணம் அண்ணை கட்டுப்போட்ட கையால் தட்டி வெளியே அனுப்பினார். அந்த மனிதர் ஓடி வந்து அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, மறுபடி மூலை உதைக்கு ஓடினார். அந்தப் பாதி முழுக்க ஒரேயொரு கோல்தான் விழுந்தது. ஐந்துக்குப் பூச்சியம். ஆனால் கடைசி விசில் ஊதியபோது மைதானத்தில் நாங்கள் எட்டுப் பேரும் நின்றோம். கழகம் தப்பிவிட்டது.

உடுப்பு மாற்றும் அறையில் குணம் அண்ணை முதலில் குளிக்கப் போனார். எட்டிப் பார்த்தவன் வந்து சொன்னான், அவர் விளையாடிய உடுப்போடு தண்ணீரின் கீழ் நிற்கிறார் என்று. எங்களுக்கு விளங்கியது. செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்கள் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். அது அவருடைய முழுக்கு. சுடுதண்ணீர் முடிந்துபோன பிறகும் நின்றார். அவர் வெளியே வந்ததும் நாங்கள் ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய், அதேபோல உடுப்போடு, குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகிவிட்டு வந்தோம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

பருவம் முடிந்ததும் லா சப்பலில் ஒரு தேநீர்க் கடையின் பின்மேசையில் கழகக் கூட்டம். குணம் அண்ணை எழும்பிச் சொன்னார், இனி ஊர் பார்த்து ஆள் சேர்ப்பதில்லை என்று. பெரிய சண்டை. ஒரு பெரியவர் மேசையில் அடித்துக் கேட்டார்: "அப்ப எங்கடை பேர் என்னத்துக்கு?"

"பேர் எங்கடை. கால் ஆரின்ரையாயும் இருக்கட்டும்" என்றார் குணம் அண்ணை. "ஒரு செத்தவீடு வந்தா ஒரு ஆட்டம் நிக்கிற கழகம் எங்களுக்கு வேண்டாம். நான் செத்தாலும் ஆட்டம் நிக்கக்கூடாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

கட்டைவிரல் காட்டிய நண்பர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஊரவர் இல்லாத அணி தானாக வந்துவிடவில்லை. தாயை எரித்த நாளில் மைதானத்தில் நின்ற ஊரவர் ஒருவர் யோசித்து எடுத்த முடிவு அது.

முதலில் புதுச்சேரிக்காரர் ஒருவர் வந்தார்; அவர் பேசும் தமிழில் பாதி பிரெஞ்சாக இருக்கும். பிறகு வேறு ஊர்ப் பெடியள். பிறகு குணம் அண்ணையின் உணவகத்தில் கோப்பை கழுவ வந்த மாலி நாட்டுப் பூபு, ரஞ்சனின் இடத்தில் கோலில் நின்றான். ஆறடிக்கு மேல் உயரம். தமிழில் அவனுக்குத் தெரிந்தது ஒரு சொல்தான்: "அண்ணை." என் முழங்கால்கள் விடைபெற்றுக்கொண்டன, நான் ஓரக்கோட்டில் கொடி பிடிக்கிறவன் ஆனேன். கூப்பூர் நேரத்துப் பயிற்சியும் கொடிக்கயிறும் மட்டும் மாறவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் குணம் அண்ணை மாரடைப்பில் காலமானார். ஞாயிற்றுக்கிழமை பார்வைக்கு வைத்து, திங்கட்கிழமை கிரியை என்று முடிவானது. அந்த ஞாயிறு எங்களுக்கு ஆட்டம். வென்றால் ஒரு படி மேல் பிரிவுக்கு ஏறுவோம். இத்தனை வருடத்தில் அவ்வளவு கிட்டப் போனதே இல்லை. நாங்கள் ஊரவர்கள் கூடிப் பேசினோம். அவர் சொன்ன சொல்லை மீறக்கூடாது, பெடியள் போய் விளையாடட்டும், ஆட்டம் முடிய வந்து பார்க்கட்டும் என்று தீர்மானித்தோம். அணியில் அப்போது எங்கள் ஊரவன் ஒருவனும் இல்லை. துடக்கும் யாருக்கும் இல்லை. அவர் நினைத்தபடியே எல்லாம் சரியாக இருந்தது. நான் பூபுவுக்குத் தொலைபேசி எடுத்து, ஆட்டம் நடக்கும் என்று சொன்னேன்.

"கோலில் யார் நிற்பது?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"நீதான்."

"நானில்லை" என்றான். "எங்கள் வீட்டில் பெரியவரைக் கிடத்தியிருக்கும்போது யாரும் வெளியே விளையாடப் போவதில்லை. உங்கள் வீட்டில் போவார்களா?"

அது அவர் போட்ட விதி என்று விளக்கினேன். வென்றால் மேலே ஏறலாம் என்றும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அவர் சொன்னது சரி. ஆனாலும் நாங்கள் ஆட்டத்துக்கு வரமாட்டோம்" என்று வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை, அவரைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலை முற்றத்தில் நான் நின்றபோது பேருந்து நிறுத்தத்திலிருந்து அவர்கள் நடந்து வந்தார்கள். பூபு முன்னால். அவனுக்குப் பின்னால் அல்ஜீரியப் பெடியன், புதுச்சேரிக்காரரின் மகன், போர்த்துக்கீசன், மற்றவர்கள். பதினொரு பேரும் கழகச் சட்டை போட்டிருந்தார்கள். நெஞ்சில் எங்கள் ஊரின் பெயர், அவர்களில் அநேகருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போக வரிசையில் நின்றார்கள். ஓர் ஆட்டத்துக்கு வருகிற வரிசை அது, பந்துக்காப்பாளன் முதலில்.

அணி வராது என்று யாராவது அறிவிக்க வேண்டும். நான் முற்றத்து மூலைக்குப் போய் மாவட்ட அலுவலகத்தின் ஞாயிற்றுக்கிழமை இலக்கத்துக்கு அழைத்தேன். பழைய மதாம் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். ஓர் இளம் குரல்.

"எத்தனை பேர் வர முடியாது?"

"எல்லோரும்."

"காரணம்?"

"சாவு வீடு."

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நின்றது. "பட்டியலில் உள்ள பெயர்களைப் பார்க்கிறேன், முசியே. பதினொரு பேரும் இறந்தவரின் உறவினரா?"

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குள்ளே பூபு குணம் அண்ணையின் காலடியில் குனிந்து, அவர் தோளில் எப்போதும் கிடந்த அந்த வெள்ளைத் துவாயை, இப்போது பெட்டியின் ஓரம் கிடந்ததை, சரிசெய்து வைத்துக்கொண்டிருந்தான்.

"ஓம், எல்லோரும்" என்றேன். மறுமுனையில் விளங்கவில்லை. பிறகு பிரெஞ்சில் சொன்னேன்.